சவ்வு அண்ணையின் ஓட்டைகள்

தோசையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை எண்ணிவிட்டுச் சாப்பிடுகிற மனிதர் பிரெஞ்சு நாட்டில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பல் முழுவதிலும் ஒருவர்தான். "தோசை எண்டால் ஓட்டை இருக்கும்தானே அண்ணை" என்று பரிமாறுகிறவர் சொன்னால், "உங்கடை தொழிலுக்கு அது சரி" என்பார்.

பெயர் யாருக்கும் தெரியாது. சவ்வு அண்ணை. திரான்சிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் பிளாஸ்டிக் சவ்வு செய்கிறவர். வேலை முடிந்ததும் ரூ காய் தெருவில் நான் வேலைக்கு நிற்கும் பலசரக்குக் கடைக்கு வந்துவிடுவார். மெதனோல், தொலுயீன் என்ற இரண்டு திரவமும் கலந்தால் காய்ச்சிப் பிரிக்க ஏலாதாம், சேர்ந்தே ஆவியாகுமாம். இவருடைய சவ்வு மெதனோலை மட்டும் அப்பால் விடுமாம். கத்தரிக்காய் பொறுக்க வந்த பிரெஞ்சு அம்மா ஒருவருக்கும் இதை அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார். அந்த அம்மா அதன்பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

அப்போது அவருடைய வேலை தற்காலிகம். முடிய இரண்டு மாதம் இருந்தது. ஓட்டையில்லாத சவ்வு ஒன்று எடுத்துக் காட்டினால்தான் நிரந்தரம் என்று ஷெஃப், அதுதான் அவருடைய மேலதிகாரி, சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இவர் எடுக்கிற சவ்வெல்லாம் ஊசிமுனை ஓட்டை; இரண்டு திரவமும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தன.

கலவையை மாற்றினார். கலவையை ஊற்றிச் சவ்வாக இழுக்கிற கண்ணாடித் தட்டை மாற்றினார். ஒரு பொட்டுத் தூசி விழுந்தாலும் ஓட்டை, அறைக்குத் தூசி வருகிறது என்று ஷெஃபோடு சண்டை பிடித்தார். கடைசியில் பிள்ளையாரைப் பிடித்தார். கீற்றாகத் திருநீறு பூசுகிறவர், தினமும் காலையில் ரூ பஜோல் கோவிலுக்குப் போய் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். ஓட்டை கூடியது. அவரும் திருநீற்றைக் கூட்டினார்.

ஒருநாள் என் கண்ணாடி மேசையில் கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்துக் குனிந்தார்.

"இஞ்சை பாரும் தம்பி. இப்பிடி ஊத்தி, ஒரே இழுவையா இழுக்கிறன். எங்கை பிழைக்குது?"

கண்ணாடியில் வெள்ளைப் பொட்டுகள் விழுந்தன.

"அண்ணை, உங்கடை நெத்தியாலை கொட்டுது."

கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பிள்ளையாரே" என்றார் மெல்ல.

ஆனாலும் வெறும் நெற்றியோடு போக மனம் வரவில்லை. "வேலை போனாலும் பரவாயில்லை, பிள்ளையாருக்கு என்ன மறுமொழி சொல்லுறது?" என்று இரண்டு நாள் புலம்பினார். பொறுக்க முடியாமல் நான் ஒரு சின்னத் திருநீற்று டப்பாவைக் கல்லாவுக்குப் பின்னால், மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். நான் மன்னார் வேதக்காரன், கத்தோலிக்கன்.

"வேலை முடிஞ்சு பின்னேரம் வந்து இஞ்சை பூசுங்கோ, அண்ணை."

"மாதா கோவிக்க மாட்டாவோ?"

"அவ ஒண்டும் சொல்ல மாட்டா."

ஆறு வாரம் கழித்து, நிரந்தர வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று வந்தார். தாளை மேசையில் வைத்தார், டப்பாவைத் திறந்தார், தன் நெற்றியில் பூசினார். பிறகு எட்டி என் நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்துவிட்டார்.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கடையைப் பூட்டி, மெட்ரோ ஏறி, வீட்டு வாசலில் மனைவி கதவைத் திறக்கும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.