பிரெஞ்சுத் தவளை

"குன்வோர்! மீன் ஜாடி மூடி திறக்க மாட்டேங்குது!"

ஹெல்மர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நடுக்கோடைத் திருநாளும் அதுவுமாக, அவர் மனைவி பக்கத்து வீட்டு வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. பாவாடையில் முழங்காலுக்கு நேராகப் புல் கறை.

"எங்க போயிருந்தே?"

"உருளைக்கிழங்குல போட சதகுப்பைத் தழை வாங்க."

"தழை எங்க?"

குன்வோர் தன் வெறுங்கையைப் பார்த்தாள். "மறந்துட்டேன்."

ஹெல்மர் வேலிக்கு அப்பால் முறைத்தார். பக்கத்து வீட்டில் இருப்பவன் எதியேன். பிரெஞ்சுக்காரன். இந்த ஊர்ப் பெண் ஸிவ்வைக் கட்டிக்கொண்டு போன இலையுதிர் காலத்தில் குடி வந்தவன். வந்தவன் சும்மா இருந்தானா? தேவாலயத்துக் காப்பி வேளையில் ஊர் கேட்க ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"உங்க தவளைப் பாட்டோட மெட்டு எங்க ஊருதுங்க. எங்க சிப்பாய்ங்க வெங்காயம் வதக்குறதைப் பத்திப் பாடிக்கிட்டே சண்டைக்குப் போன மெட்டு. இங்கிலீஷ்காரங்க எங்களைத் தவளைன்னு கேலி பண்ணுவாங்க. அதுதான் இங்க வந்து குதிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். குன்வோர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வருஷா வருஷம் திருநாளன்று பூச்சுற்றிய கம்பத்தடியில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டே தானும் குதித்து, ஊரையே அந்தப் பாட்டுக்குத் தவளையாகக் குதிக்க வைக்கும் ஹெல்மர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றுமுதல் தினம் சாயங்காலம் குன்வோர் இந்த வேலிக் கதவைத் திறந்துகொண்டு போய்வருவது வேறு. பொறாமை பிடித்தவன் ஜெபம் பண்ணும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பான். ஹெல்மர் இரண்டையும் திறந்து வைத்திருந்தார்.

"இந்த வருஷம் தவளைப் பாட்டு கிடையாது" என்றார்.

குன்வோர் முகம் வெளுத்தது. "ஐயோ, இந்த வருஷம் மட்டும் அப்படிப் பண்ணாதே!"

'இந்த வருஷம் மட்டும்.' போதாதா? ஹெல்மர் மீன் ஜாடியைத் திறக்காமலே கிளம்பினார்.

புல்வெளியில் இலையும் பூவும் சுற்றிய கம்பத்தைத் தூக்கி நிறுத்தியாயிற்று. லேசாகத் தூறியது. குழந்தைகள் இப்போதே குந்தி உட்கார்ந்து, பாட்டில் வருகிற காதில்லாத் தவளைக்காகக் காதில் கைவைத்துத் தயாராக இருந்தன.

"அந்நியச் சரக்கு இனி வேண்டாம்!" என்று அறிவித்தார் ஹெல்மர். "நம்ம சொந்தச் சரக்கு மட்டும்தான்."

பாதிரியாரம்மா ஹெட்விக் கனைத்தார். "அப்போ கம்பத்தையும் இறக்கணுமே ஹெல்மர். அது ஜெர்மனியிலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க."

"உருளைக்கிழங்கு அமெரிக்காவுலேர்ந்து!" என்றது ஒரு குரல்.

"உன் கையில இருக்கே, அந்தப் பெட்டி? அது வியன்னாக்காரன் செஞ்சதுப்பா!" என்றது இன்னொன்று.

ஹெல்மர் வீம்பாக அக்கார்டியனை ஈரப் புல்லில் இறக்கி வைத்தார். "கையைத் தட்டிக்குவோம். கையாவது நம்மளுதுதானே?"

யாரும் தட்டவில்லை. குந்தியிருந்த குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்றவையும் அழுதன. ஹெட்விக் தன் மேல்கோட்டைக் கழற்றி, நனைந்த அக்கார்டியனைப் பேசாமல் போர்த்தினார். ஹெல்மருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குள் எதியேன் முன்னால் வந்துவிட்டான்.

"அழாதீங்க கண்ணுங்களா, வாங்க!"

குந்தினான். பாடினான். குதித்தான். அதுவும் எப்படி! ஹெல்மரே ஒரு கணம் அசந்துபோனார். பிறகுதான் பார்த்தார்: அவன் பக்கத்தில், அவன் குதிக்கும்போது குதித்து, அவன் திரும்பும்போது திரும்பி, குன்வோர்!

ஹெல்மர் கூட்டத்துக்குள் பாய்ந்தார். பின்னால் குதித்து வந்தவர்கள் மோதி அவரைக் குந்த வைத்துவிட்டார்கள். எழ முடியவில்லை. வேறு வழியின்றிக் குதித்தபடியே துரத்தினார்.

"எதியேன்! தினம்... சாயங்காலம்... என் பொண்டாட்டிகிட்ட... உனக்கு என்னடா வேலை?"

பாட்டு நின்றது. ஊர் மொத்தமும் குந்திய நிலையில் திரும்பிப் பார்த்தது. எதியேன் காது மடல்வரை சிவந்து தரையைப் பார்த்தான்.

"நீயாவது சொல்லு குன்வோர்!" ஹெல்மர் குந்தியபடியே அவள் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷம் உன்கூட வாழ்ந்தவன் கேக்குறேன்."

குன்வோர் அவர் கையைப் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேனே!"

பின்வரிசையிலிருந்து எதியேனின் மனைவி ஸிவ் எழுந்தாள். தலையில் பூ வளையம் கோணிக் கிடந்தது.

"அவங்களை விடுங்க ஹெல்மர், தப்பு என்னுது! 'குதிச்சா ஹெல்மர் மாதிரி குதிக்கணும்'னு நான் ஓயாம பாடின பாட்டைக் கேட்டு உங்கமேல பொறாமை பிடிச்சுத்தான், இந்த மனுஷன் 'மெட்டு எங்க ஊருது'ன்னு பெருமையடிச்சாரு, அதுவும் பத்தாம உங்க வீட்டம்மாகிட்டயே போய் உங்களை மாதிரியே குதிக்கக் கத்துக்கிட்டாரு!"