படத்தின் ஒரே குறை

"அப்பா, நீங்க காலையில கிழிச்சுப் போட்டீங்களே, அந்த குங்ஃபூ படத்துலதான் அவர் வேலை பார்த்திருக்கார்."

விமர்சகரின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரின் மேலேயே நின்றுவிட்டது. மகள் விரும்பும் பையன் அன்று மாலை தன் அம்மாவோடு முதல் முறையாக வீட்டுக்கு வருகிறான்.

"என்ன வேலை?"

"சின்ன வேலைதானாம். நேர்ல சொல்றேன்னு கூச்சப்படறார்."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "பொண்ணு கேட்டு வர்றவன் வயித்துல அடிச்சுட்டு, அவனுக்கு பிஸ்கட் வேற வாங்கி வெச்சிருக்கீங்க."

பத்திரிகையின் இணையதளத்தில் காலையில் வந்த விமர்சனத்தில் அவர் எதையும் விட்டுவைத்திருக்கவில்லை. கதை கந்தல், ஒளிப்பதிவு இருட்டு, இசை தலைவலி. மெச்சியது ஒன்றை மட்டும்தான்: 'நாயகன் முகத்தைக் காட்டினால் படம் தூங்குகிறது. சண்டையில் முதுகைக் காட்டினால் எழுந்து உட்காருகிறது. படத்தில் நடித்திருப்பது அந்த முதுகு ஒன்றுதான்.'

காலர் கருகிய வாடையைக்கூடக் கவனிக்காமல் மடிக்கணினியைத் திறந்தார். பையன் கதை இலாகாவாக இருந்தால்? கந்தல் பட்டானது. கேமராக்காரனாக இருந்தால் என்ன செய்வதாம் என்றாள் மனைவி. இருட்டு, நிலவொளியானது. பையனுக்குப் பாட்டென்றால் உயிர் என்று மகள் வாய்தவறிச் சொல்லிவிட, தலைவலி தேனானது. ஹீரோவே அவனுக்குச் சொந்தக்காரனாக இருந்துவிட்டால் என்று மனைவி மறுபடி கிளப்பினாள். முதுகைப் பற்றிய வரியை அழித்துவிட்டு, முகத்தில் நவரசமும் ததும்புவதாக எழுதித் தளத்தில் ஏற்றினார்.

பத்திரிகை ஆசிரியர் போனில் வந்தார்.

"காலையில குப்பைன்னீங்க, இப்ப கோபுரம்ங்கறீங்க. தயாரிப்பாளர்கிட்ட கவர் வாங்கிட்டீங்களான்னு வாசகர்கள் கேக்கறாங்க. ஒரு குறையாவது எழுதுங்க. இல்லைன்னா நாளையிலிருந்து வேற ஆள் எழுதட்டும்."

குறை வேண்டும்; யார் மனமும் நோகவும் கூடாது. விமர்சகர் நகத்தைக் கடித்தபடி கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. முதுகுக்கு என்ன, அது உட்கார்ந்து விமர்சனம் படிக்கப்போகிறதா?

'படத்தின் ஒரே குறை, சண்டையில் திரும்பத் திரும்ப வரும் அந்த முதுகு. துளி உயிரில்லை. கதவுப் பலகை நடந்து வந்தது போல இருக்கிறது.'

அதையும் தளத்தில் ஏற்றிய அரை மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது.

பையன் நெட்டையாக, அடக்கமாக இருந்தான். சோபாவில் சாயாமல் நுனியிலேயே உட்கார்ந்தான். நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னாள் மனைவி. கொஞ்சம் வலி இருக்கிறது, பரவாயில்லை என்று அவன் சிரித்து மழுப்பினான். விமர்சகருக்கோ வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, உங்க படத்தை மனசாரப் பாராட்டி எழுதியிருக்கேன். படிச்சீங்களா?"

மகள் பையனைப் பார்த்தாள். பையனின் அம்மாதான் டீக்கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"படிச்சோம். காலையில வந்ததைப் படிச்சுட்டுத்தான், இவ்வளவு ரசனையான வீட்டுல பொண்ணெடுக்கணும்னு நானே இவனைக் கிளப்பிக் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியில இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன், அப்பலேருந்து பிள்ளை சரியாவே பேச மாட்டேங்கறான்" என்றவர், மகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "ஹீரோவுக்கு டூப் போட்டது இவன்தான், சம்பந்தி. அந்த முதுகு இவனோடது."