ஞாயிற்றுக்கிழமையைச் சனிக்கிழமையாக்கிய கதை

கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று சொந்தக்காரர்கள் நடுவில் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு "எனக்குத் தெரியாது" என்று வாயைத் திறக்க முடியாது. நான் அந்தப் பெயரை இருபத்து நாலு வயதில் வாங்கினேன். அதனால் என் மாமாவும் அவரோடு நாற்பத்தைந்து பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தார்கள்.

அபுதாபி முசஃபாவில் ஒரு கட்டுமானக் கம்பெனி. என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அம்மாவின் தம்பி, செல்வராஜ் மாமா. அவர் பதினெட்டு வருஷமாக அங்கே வெல்டர். அவர் வெயிலில் நின்றார், நான் ஏசியில் உட்கார்ந்து டாஷ்போர்டு செய்தேன். (கம்பெனி விவரங்களைக் கட்டம் கட்டமாக, கலர் கலராகத் திரையில் காட்டுவதுதான் டாஷ்போர்டு. மாமா ஊருக்குப் போன் போட்டு, "பய டிவி நடத்துறான்" என்று சொல்லி வைத்திருந்தார்.)

அதுவரை தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் மெஸ்ஸில் மறுநாள் டூட்டிப் பட்டியலைக் காகிதத்தில் எழுதி ஒட்டுவார்கள். நான் அந்த இடத்தில் ஒரு டிவியை மாட்டினேன். மேலே "நாளைய டூட்டி" என்று தலைப்பு. கீழே பெயர், சைட், பஸ் நேரம். என் கம்ப்யூட்டரிலிருந்து மணிக்கொருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். தேதியும் கிழமையும் போடச் சொன்னார் மேனேஜர். அழகு கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டேன். பழைய காகிதத்தை என் கையாலேயே கிழித்துப் போட்டேன், நாலு பேர் பார்க்கும்படி.

வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு மேனேஜருக்கு ரிப்போர்ட் போக வேண்டும். நாலேகாலுக்கு டாஷ்போர்டு நின்றுவிட்டது. சர்ட்டிபிகேட் செல்லாது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. தகவல் கொடுக்கும் சர்வர், நான்தான் உண்மையான சர்வர் என்று நம் கம்ப்யூட்டரிடம் நீட்டுவதுதான் இந்த சர்ட்டிபிகேட். சைட் கேட்டில் காட்டுகிற பாஸ் மாதிரி, இதற்கும் கடைசித் தேதி உண்டு.

எனக்கு அது அப்போது தெரியாது. கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். வைரஸ் தடுப்பானை நிறுத்தினேன். அந்த சர்ட்டிபிகேட்டையே இறக்கி, நம்பத்தக்கவர்கள் என்ற பெட்டிக்குள் திணித்தேன். எதற்கும் மசியவில்லை. இருபது நிமிஷம் கழித்துத்தான் செய்தியை முழுதாகப் படித்தேன். (முதலிலேயே படித்திருக்கலாம். படித்தவன் அல்லவா, படிக்கவில்லை.) சர்ட்டிபிகேட்டின் ஆயுள் அன்று நாலு மணியோடு முடிந்திருந்தது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் நிர்மலன் அண்ணா. லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தார். போன் செய்தேன்.

"அது முடிஞ்சிட்டுது தம்பி, புதுசு போடோணும். நான் திங்கள் வந்து போடுறன். அதுவரைக்கும் ஒண்டிலயும் கை வைக்க வேண்டாம்."

"சரிண்ணா" என்றேன். போனை வைத்துவிட்டு, கை வைத்தேன். புரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. ரிப்போர்ட் வரவில்லை என்று மேனேஜரிடம் சொல்ல எனக்குப் பயம்.

பாஸ் முடிந்தது இன்றைக்குத்தானே, கம்ப்யூட்டரை நேற்றைக்குக் கொண்டுபோனால் என்ன? தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளி வெள்ளிக்கிழமை ஆக்கினேன். சிவப்பு மறைந்தது. ரிப்போர்ட் நாலு ஐம்பத்தைந்துக்குப் போனது. அந்தச் சந்தோஷத்தில் ஷவர்மா சாப்பிடக் கிளம்பினேன். தேதியைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது நினைவில் இல்லை.

மறுநாள் காலை செல்வராஜ் மாமாவின் மகள் கயலுக்கு அறந்தாங்கியில் நிச்சயதார்த்தம். மாமா மூன்று மாதம் முன்புதான் ஊருக்குப் போய் வந்திருந்தார், மறுபடி லீவு கிடைக்கவில்லை. ஊரில் பத்தரை மணிக்குத் தட்டு மாற்றுவார்கள், இங்கே ஒன்பது. நான் எட்டு மணிக்கே லேப்டாப்போடு போய், மாமாவை வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார வைத்து வீடியோவில் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

எட்டு மணிக்குப் போனால் கேம்ப் வெறிச்சோடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே முடி வெட்டுவதும் துணி துவைப்பதும் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பதுமாக அல்லோலகல்லோலப்படும். மாமாவின் ரூமில் இஸ்திரி போட்ட சட்டை மட்டும் கொடியில் தொங்கியது. மெஸ் சமையல்காரரிடம் கேட்டேன்.

"எல்லாரும் டூட்டிக்குப் போயாச்சே. ஆறு மணிக்கே பஸ் ஏறிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமையா? எந்த மடையன் டூட்டி போட்டான்?"

அவர் கரண்டியால் டிவியைக் காட்டினார்.

என் கம்ப்யூட்டருக்கு நேற்று வெள்ளி, ஆகவே அதன் நாளை சனி. முந்தின நாள் வேலை பார்த்த அதே பட்டியலை, அதே நாற்பத்தாறு பேரை, அது மாலையிலிருந்து நள்ளிரவு வரை காட்டியிருக்கிறது. அவசரம் என்றால் ஞாயிறும் கூப்பிடுகிற கம்பெனிதான், அதனால் யாருக்கும், பஸ் டிரைவருக்குக்கூட, சந்தேகம் வரவில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க மாமா இருக்கீங்க?"

"சைட்டு வாசல்லடா. கேட்டு பூட்டிக் கெடக்கு. பஸ்ஸு எறக்கி விட்டுட்டுப் போயிருச்சு. வாட்ச்மேன் மாஃபி, மாஃபிங்கிறான், வேலை இல்லையாம்."

"இன்னைக்கு நிச்சயம் மாமா. லிஸ்டுல பேரப் பாத்ததும் எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாம்ல?"

"போட்டா நீ எடுத்துருவ. அப்புறம் மாமனுக்கு மட்டும் சலுகை குடுத்தான்னு ஒன்னையத்தான கேப்பானுக. நீயே இப்பத்தான் வேலையில நிக்கிற. போன்லயே பாத்துக்கிறேன், விடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே போக ஒன்றரை மணி நேரம் ஆகும், தட்டு மாற்ற ஒரு மணி நேரம்கூட இல்லை. பஸ் டிரைவருக்குப் போன் போட்டுத் திரும்பப் போகச் சொன்னேன். நான் செய்த காரியத்தை மாமாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அவர், "சரி, கயலுக்குப் போனப் போடு" என்றார்.

ஒன்பது மணிக்கு அறந்தாங்கி மண்டபத்து டிவியில் பெண்ணின் அப்பா தோன்றினார். கழுத்து முதல் கால் வரை நீல கவரால் உடுப்பு, மஞ்சள் ஹெல்மெட். பின்னால் பூட்டிய கேட், அதன் முன்னால் அதே கோலத்தில் நாற்பத்தைந்து பேர்.

"வெள்ளச் சட்டை எங்கங்க?" என்றார் அத்தை.

நான் அதை முசஃபாவில் கையில் பிடித்துக்கொண்டு, திரையின் இன்னொரு கட்டத்தில் தெரிந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா டிவியை உற்றுப் பார்த்தார். "சம்பந்தி இம்புட்டுப் பேரக் கூட்டிட்டு வந்துருக்காரு, நம்ம பக்கம்தான் ஆளு கம்மி. தட்ட எடுங்கப்பா" என்றார். தட்டு மாற்றும்போது நாற்பத்தாறு பேரும் கை தட்டினார்கள். மாமா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்ததை ஊரே பார்த்தது.

திங்கட்கிழமை நிர்மலன் அண்ணா புது சர்ட்டிபிகேட் போட்டார். பத்து நிமிஷ வேலை. மேனேஜரிடம் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். நாற்பத்தாறு பேருக்கும் செவ்வாய்க்கிழமை லீவு கொடுத்தார், என் புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார். இப்போது டிவியில் தேதியும் கிழமையும்தான் பெரிதாகத் தெரிகின்றன. பக்கத்தில் காகிதமும் திரும்ப வந்துவிட்டது.

முறை மாப்பிள்ளை வேண்டுமென்றே நிச்சயத்தைக் கலைக்கப் பார்த்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உலாவியது. (கயல் என்னைவிட மூன்று வயது மூத்தவள்.) அன்று மண்டபத்து டிவியில் தெரிந்ததைப் படமெடுத்துச் சட்டம் போட்டு அவள் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். தாத்தா ஏன் தொப்பி போட்டிருக்கிறார் என்று அவள் மகன் கேட்டால், சித்தப்பாவைக் கேளு என்று என்னைக் கை காட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று நான் யாரிடம் சொன்னாலும், "எங்க ஞாயிறா, ஒன் ஞாயிறா?" என்று கேட்கிறார்கள்.

மாமா மட்டும் இந்தக் கேலியில் சேர்வதில்லை. போன மாதம் என் கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்க்கக் கொடுத்தேன். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர், நின்று, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரில் கல்யாணத் தேதியின் கிழமையைப் பார்த்துவிட்டுப் போனார்.