நெற்றி சார் சொன்ன கேள்வி

பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், ஒரு மகான் தனிப்பயிற்சி நிலையம் நடத்தி வந்தார். பாடம் மட்டும் நடத்துவதில்லை. அதெல்லாம் சாதாரண வாத்தியார்கள் செய்கிற வேலை. புள்ளியியல் தாளைக் கண்டு நடுங்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே அழைப்பார். கதவைச் சாத்துவார். பையன் நெற்றியோடு தன் நெற்றியை ஒட்டிக் கண்ணை மூடுவார். பெரிய கேள்வி எந்த அத்தியாயத்திலிருந்து வரும் என்று பிரபஞ்சம் அவரிடம் சொல்லும். அவர் பையன் காதில் சொல்வார். பிள்ளைகள் வைத்த பெயர் நெற்றி சார்.

நிபந்தனை ஒன்றுதான். வெளியே வந்து யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பலிக்காது.

பலித்தவர்கள் ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். பலிக்காதவர்கள், நம் மனசு சுத்தமில்லை போலிருக்கிறது என்று மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். புகழ் பரவ வேறென்ன வேண்டும்? தேர்வு நெருங்கியதும் படிக்கட்டு முழுக்கக் கூட்டம். எல்லாம் படித்த கூட்டம், ஐயா! ஒரு வங்கி மேலாளரே மகனுக்காக விடுப்புப் போட்டுவிட்டு டோக்கனோடு நின்றார்.

முந்தின நாள் அங்கே போய்வந்த ஒரு மாணவன், ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் உருப்போட்டுக்கொண்டிருந்தான். நெற்றி சார் சொன்னதை நம்பி ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். இந்த முறையும் தோற்றால் பல்கலைக்கழகம் பெயரையே நீக்கிவிடும். அங்கேயே ஆராய்ச்சி மாணவியாக இருந்த அவன் அக்கா எல்லா அத்தியாயத்தையும் படிக்கச் சொன்னாள். திட்டினாள், கெஞ்சினாள்.

"போன ரெண்டு தடவையும் பலிக்காதது உன்னாலதான்க்கா. நீதான் அவரை நம்பவே இல்லையே" என்றான்.

மறுநாள் அக்கா அவனை இழுத்துக்கொண்டு மாடிக்கே போய்விட்டாள்.

கூடத்தில், அருள் வாங்கி வந்தவர்கள் 'அலை' அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அவள் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"யாரும் வாய் திறக்க வேண்டாம். டோக்கன் நம்பரையும் அத்தியாயத்தையும் எழுதுங்க. எழுதக் கூடாதுன்னு அவர் சொல்லலையே."

சட்டப்படி சரிதானே! தயங்கித் தயங்கி எழுதினார்கள். முதல் டோக்கனுக்கு முதல் அத்தியாயம். இரண்டாவதற்கு இரண்டாவது. புத்தகத்தில் ஒன்பதே அத்தியாயம். பத்தாவது டோக்கனுக்கு மறுபடி முதல் அத்தியாயம். பிரபஞ்சம் பாவம், டோக்கன் வரிசைப்படிதான் பேசியிருக்கிறது.

தம்பி தன் பழைய டோக்கனை எடுத்து விரல் விட்டு எண்ணினான். கணக்கு அவன் உருப்போட்ட அத்தியாயத்திலேயே போய் நின்றது. முகம் செத்துப்போயிற்று.

அடுத்து உள்ளே போக வேண்டியவன் மேலாளரின் மகன், டோக்கன் பதினான்கு. அக்கா ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி, மடித்து, மேலாளர் கையில் கொடுத்தாள். மகன் போனான், நெற்றி ஒட்டினான், வந்தான், பலகையில் 'ஐந்து' என்று எழுதினான். மேலாளர் சீட்டைப் பிரித்தார். அதிலும் ஐந்து.

சத்தம் கேட்டு மகான் வெளியே வந்தார். யாரோ நம்பிக்கையில்லாதவர் நுழைந்து அலையைக் கலைத்துவிட்டதாகச் சொன்னார்.

"அப்ப அடுத்த ஆளுக்கும் நானே எழுதித் தரட்டுமா சார்?" என்று கேட்டாள் அக்கா.

பிரபஞ்சத்தோடு பேசியவருக்குத் திடீரென்று தலைவலி வந்துவிட்டது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கூட்டம் பதில் கேட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தது.

"பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. முதல் அத்தியாயத்துலேருந்து சொல்லித் தர்றியாக்கா?" என்றான் தம்பி. அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பின்னாலேயே ஓடிவந்தார் மேலாளர். "அம்மா, அவரைவிட நீ கரெக்டா சொல்றே. என் பையனுக்கு எந்த அத்தியாயம் வரும்னு நீயே பார்த்துச் சொல்லிடும்மா."

"ஒம்பதும் வரும் சார். எல்லாத்தையும் படிக்கச் சொல்லுங்க."

மேலாளர் முகம் சுருங்கியது. அந்த வாக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு நல்ல மகான் யாராவது இருக்கிறாரா என்று படிக்கட்டில் நின்றவர்களை விசாரிக்கத் தொடங்கினார். ஏமாற்றுகிறவன் ஓடி ஒளிந்தாலும் ஏமாறுகிறவன் ஓய மாட்டேன் என்கிறான். கண்டவனிடம் தலையை நீட்டும் முன், அந்தத் தலையைக் கொண்டு ஒரே ஒரு தடவை யோசித்தால்தான் என்ன?