கொம்பாஸ் மாமாவின் செட்டியார் தெரு

கொம்பாஸ் மாமாவிடம் வழி கேட்டுப் போன ஒருவராவது கொழும்பில் தான் போகவேண்டிய இடத்துக்கு நேரே போய்ச் சேர்ந்ததாக, மன்னார்க் கரையில் உள்ள எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் வரலாறு இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர், பாஸ்போட் எடுக்கப் போனவர், மகனுக்குப் பெண் பார்க்கப் போனவர், திருச்சபை அலுவலாகப் போன எங்கள் பங்குச் சுவாமி, எல்லோரும் முதலில் செட்டியார் தெருவில்தான் போய் நின்றார்கள். நின்று, நகைக்கடைக் கண்ணாடிகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, அதன் பிறகே தங்கள் அலுவலைத் தேடிப் போனார்கள்.

அவருடைய உண்மையான பெயர் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கக்கூடும். ஊருக்கு அவர் கொம்பாஸ், அதாவது திசைகாட்டி. மப்பு மூடி, வானமும் கடலும் ஒரே நிறமாகிவிட்ட நாளிலும் மூக்கை நிமிர்த்திக் கரை இருக்கும் பக்கத்தைக் காட்டுவார் என்று அவரோடு தொழிலுக்குப் போனவர்கள் சொல்லுவார்கள். கரையில் அவருடைய இருப்பிடம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து வேப்பமரம். அவரைத் தாண்டாமல் பஸ் ஏற முடியாது. கேட்டாலும் வழி சொல்லுவார். கேட்காவிட்டால் கட்டாயம் சொல்லுவார்.

சொல்லுவதில் ஒரு சிக்கல் இருந்தது. இடது, வலது என்ற இரண்டையும் அவர் ஏற்றுக்கொள்வதில்லை. நான் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் நாள் காரணம் கேட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்பதால் எதற்கும் காரணம் கேட்பது என் கடமை என்று அப்போது நினைத்திருந்தேன்.

"இடது வலது எண்டது நீ திரும்பினால் அதுவும் உன்னோடை திரும்பிப்போடும், மோனை. காத்து அப்பிடித் திரும்பாது" என்றார்.

ஆகவே அவருடைய கொழும்பில் வடக்கு வாடைப்பக்கம், தெற்கு சோழகப்பக்கம், கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான். அப்பா பக்கத்தில் பயபக்தியோடு நிற்க, நான் கொப்பியை விரித்து எழுதிக்கொண்டேன். புத்தளத்தில் உப்பு வெள்ளையாகத் தெரியும், எழும்பக்கூடாது. சிலாபத்தில் மீன் மணக்கும், ஊர் வந்துவிட்டதென்று இறங்கக்கூடாது. நீர்கொழும்பிலும் மணக்கும், அங்கேயும் இறங்கக்கூடாது. மீன் மணம் போய்ப் புகை மணம் வந்தால் கொழும்பு. புறக்கோட்டையில் இறங்கி வாடைப்பக்கம் நடந்தால் பெரிய தெரு. அதில் கொண்டல் பக்கம் திரும்பி ஐந்துலாம்புச் சந்தி. அங்கிருந்து மறுபடியும் வாடை. கடல்மணம் கச்சான் பக்கத்தால் வந்தால் நிற்பது செட்டியார் தெரு.

"மாமா, நான் போகவேண்டியது பல்கலைக்கழகம்" என்றேன்.

"அது பிறகு. முதல் அங்கை போ."

இந்த முறையில் வழி கண்டுபிடிப்பது எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை. எங்கள் கணித வாத்தியார் பெரிய தெருவின் நடுவில், உச்சி வெயிலில், ஒரு விரலை எச்சிலில் நனைத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு காற்று வரும் திசையைப் பார்த்திருக்கிறார். நடைபாதை வியாபாரி அவர் ஒன்று கேட்கிறார் என்று எண்ணி ஒரு குடையைக் கையில் கொடுத்துவிட்டான். வாத்தியார் மரியாதைக்காரர். அந்தக் குடையை அவர் பல வருடங்கள் பிடித்துத் திரிந்ததை நானே கண்டிருக்கிறேன்.

திரும்பி வருபவர்களுக்கு வேப்பமரத்தடியில் விசாரணை நடக்கும். போன அலுவல் சரியா பிழையா என்று கொம்பாஸ் மாமா கேட்பதில்லை. செட்டியார் தெருவில் தண்ணீர்ப் பைப்புக்கு முன்னால் பச்சைக் கிராதி போட்ட ஒரு மேல்மாடி உண்டு. அதில் ஒரு துணிக்கொடி கட்டியிருக்கும். அவருக்குத் தெரியவேண்டியது அந்தக் கொடியில் என்ன உடுப்புக் காய்ந்தது என்பது மட்டும்தான். கண் ஒப்பரேசன் செய்து, ஒரு கண்ணில் கட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கிய மனிதரிடம், மற்றக் கண் திறந்துதானே இருந்தது, என்ன காய்ந்தது என்று கேட்டார். பங்குச் சுவாமியையும் விடவில்லை. சுவாமி தொண்டையைச் செருமி, இரண்டு சிறிய சட்டைகளும் ஆண்கள் கட்டும் ஒரு சாரமும் காய்ந்தன, மேற்கொண்டு தான் பார்க்கவில்லை என்று சொன்னார்.

வெளியூர்க்காரருக்கு இது கிறுக்கு. எங்கள் ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மேல்மாடியில் யாருடைய உடுப்புக் காய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாமாவுக்கு ஒரே மகள், யசிந்தா. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரே தலைபின்னி வளர்த்த பிள்ளை. மன்னார்க் கடைத்தெருவில் நகை வேலைக்கு வந்த, வேதமில்லாத, அதாவது கிறிஸ்தவனல்லாத ஒரு பெடியனிடம் தோட்டின் திருகுச் சுரையை மாற்றக் கொடுத்தாள். சுரை மாற்றி முடிய மூன்று மாதம் எடுத்தது. நாலாம் மாதம் இருவரும் கொழும்புக்குப் போய்க் கலியாணக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். மாமா கோயில் வாசலில் நின்று, ஊர் முழுக்கக் கேட்க, அவளுடைய பெயரை இனி என் வாயால் சொல்லமாட்டேன், அவள் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பெயரைத்தானே சொல்லக்கூடாது. உடுப்பைப் பற்றிக் கேட்கலாம்.

அப்படியே ஒன்பது வருடம் போனது. ஒருமுறை யாரோ வந்து கொடி நிறையச் சின்னச் சின்ன வெள்ளைத் துணி என்றார்கள். அன்று மாமா அடுத்தடுத்து மூன்று பஸ்ஸிலும் ஏறி, சாரதிக்கும் பயணிகளுக்கும் தோடம்பழ இனிப்புக் கொடுத்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்கி வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்கள். பிறகு சட்டை வந்தது. சட்டை நீண்டது. போன தை மாதத்துக்கு முந்திய தையில், வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று கழுத்துப்பட்டியோடு காய்வதைக் கண்டு வந்து சொன்னவன் நான்தான். மாமா என் கையைப் பிடித்து, நீளம் எவ்வளவு என்று தன் இடுப்பிலும் தொடையிலும் வைத்துக் காட்டச் சொன்னார். நான் ஓர் உத்தேசமாகக் காட்டினேன். அந்த உயரத்துக்கு அவர் வேப்பமரத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினார்.

அந்த மாசியில் நான் மறுபடி போனபோது கொடி வெறுமையாக இருந்தது.

மழை வந்திருக்கும் என்று மாமா சொன்னார். அடுத்த கிழமை போன இன்னொருவரும் வெறும் கொடி என்றார். அதற்கடுத்த கிழமையும் அப்படியே. மாமா வழி சொல்லுவதை நிறுத்திவிட்டார். பஸ் ஏற வந்தவர்கள் தாங்களாகப் போய் முன்னால் நின்றும் அவர் வாய் திறக்கவில்லை. எல்லோரும் நேரே தங்கள் இடத்துக்குப் போய், நேரத்தோடு அலுவல் முடித்து, ஏதோ குற்றம் செய்தவர்கள் போலத் திரும்பி வந்தார்கள்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து நான் கொழும்பு பஸ்ஸில் ஏறியபோது, எனக்குப் பக்கத்து ஆசனத்தில் சட்டை போட்ட ஒரு மனிதர் இருந்தார். பெரிய வெள்ளியைத் தவிர வேறு நாளில் அவரைச் சட்டையோடு கண்டதில்லை என்பதால், அது கொம்பாஸ் மாமா என்று அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் சென்றது. மடியில் கடதாசியில் சுற்றிய பாரைக் கருவாடு. யாருக்கு என்று கேட்டேன். சும்மா என்றார். மதவாச்சி வருமுன் முன் ஆசனக்காரர்கள் இருவர் எழுந்து பின்னால் போய்விட்டார்கள்.

புத்தளம் தாண்டியதும், நான் கேட்காமலே சொன்னார்.

"நான் ஒருக்காத்தான் போனனான், மோனை. அவள் போன அடுத்த கிழமை. பிடிச்சுக்கொண்டு வாறதெண்டுதான் போனனான். பைப்படியிலை நிண்டு மேலை பாத்தன். திருநாளுக்கு நான் வாங்கிக் குடுத்த நீலச் சீலை காயுது. பக்கத்திலை ஒரு சாரம் காயுது. பிறகு நான் என்னத்தைக் கதைக்க?"

இரண்டு மணியளவில் புறக்கோட்டையில் இறங்கினோம். அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு மாவட்டத்தையே செட்டியார் தெருவுக்கு அனுப்பிய மனிதருக்கு வழி தெரியவில்லை. முதலில் கச்சான் பக்கம் நடந்து கோட்டை மணிக்கூட்டடியில் போய் நின்றார். பிறகு சோழகப்பக்கம் வந்து ரயில் நிலையத்தைப் பார்த்தார். ஒரு கடையில் பிளாஸ்டிக் வாளிகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூன்று இடத்தில் பால் போடாத பிளேன்ரீ குடித்தோம். மாமா, வாடைப்பக்கம் இது இல்லையே என்று நான் மெல்லச் சொன்னபோது, காற்று மாறிவிட்டது என்றார். நாலாவது பிளேன்ரீக்கு அவர் கடையைத் தேடத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய கையைப் பிடித்துப் பெரிய தெருவால் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்துலாம்புச் சந்தியில், பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் இருந்துவிட்டார்.

"கொடி வெறுமையெண்டால் வீடு மாறியும் போயிருக்கலாம்தானே?"

"ஓம் மாமா."

"வேற என்னவும் நடந்தும் இருக்கலாம்."

நான் அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன்.

"நீ முன்னாலை போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு. நான் இதிலை இருக்கிறன்."

"நாங்கள் எல்லாரும் பாத்துச் சொல்லி முடிஞ்சுது. இனி நீங்கள்தான் பாக்கவேணும்."

மாமா கருவாட்டுப் பொதியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு எழுந்தார்.

பைப்படியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கு நடுவில் நின்று இருவரும் அண்ணாந்து பார்த்தோம். பச்சைக் கிராதி இருந்தது. கொடி இருந்தது. அதில் ஒரு கைக்குட்டை கூட இல்லை. திரும்பிப் போவோம் என்று சொல்ல மாமா வாயெடுத்த நேரத்தில், கீழ்க்கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள். மாமாவின் அதே மூக்கு.

"ஒன்பது வருஷமா மன்னார்ச் சனம் முழுக்க இதிலை நிண்டு என்ரை உடுப்பை அண்ணாந்து பாத்திட்டுப் போகுது. ஆர் அனுப்பினது எண்டு எனக்குத் தெரியாதோ, அப்பா?" என்றாள் யசிந்தா. குரல் உயரவில்லை. "பிள்ளை பிறந்ததை உங்களுக்குச் சொல்லத்தான் அவ்வளவு துணியையும் வெளியாலை போட்டனான். பள்ளிக்கூடத்திலை சேர்த்ததையும் அப்பிடித்தான் சொன்னனான். மாசியிலையிருந்து உள்ளுக்கைதான் காயப்போடுறன். ஒண்டையும் காணாட்டில்தான் வருவியள் எண்டு எனக்குத் தெரியும்."

பைப்பில் யாருடையதோ குடம் நிறைந்து வழிந்தது. மாமா கருவாட்டுப் பொதியை அவளிடம் நீட்டினார்.

"உள்ளுக்கை காயப்போட்டால் புழுங்கல் மணமெல்லோ வரும், யசிந்தா" என்றார்.

அவள் பொதியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் வாசற்படியை மிதித்து உள்ளே போனார். மாடிப்படியின் மேல், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு கீழே பார்த்தாள். மாமா படியின் நடுவில் நின்று அவளை உச்சியிலிருந்து கால்வரை அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமாகச் சொன்னார்.

"நீ காட்டினதை விடப் பெரிசா நிக்குது, மோனை."

பத்து நாள் அங்கே நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் யாரையும் செட்டியார் தெருவுக்கு அனுப்பவில்லை. ஆஸ்பத்திரி கேட்டவருக்கு ஆஸ்பத்திரிக்கும், கந்தோர் கேட்டவருக்கு அந்த அலுவலகத்துக்கும் நேரே வழி சொன்னார். அவருக்குக் கொழும்பில் அந்த ஒரு தெருவைத் தவிர எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. கண் ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் சித்தப்பா மிருகக்காட்சிச்சாலையில் போய் இறங்கினார். ஆனாலும் சனம் அவரிடம் கேட்பதை விடவில்லை. அவரும் சந்தோஷமாக, மூக்கை நிமிர்த்திக்கொண்டு, பிழை பிழையாகச் சொன்னார்.

போன வருடம் வாடைக்காற்றுத் தொடங்கிய நாட்களில் அவர் காலமானார். யசிந்தா பிள்ளையோடும் புருஷனோடும் வந்து, நாற்பத்தோராம் நாள் நினைவு முடியும்வரை தாழ்வுபாட்டில் நின்றாள்.

நான் இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். எந்த பஸ் எங்கே போகும், எந்தச் சந்தியில் மாறி ஏறவேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். விடுமுறை முடிந்து ஊரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு காலையிலும் மட்டும், ஒரு வழியும் தெரியாதவனாக அந்த மனிதருக்கு முன்னால் இன்னொருமுறை போய் நிற்கவேண்டும் போல இருக்கிறது.