ஒரு சொட்டும் தொண்டையைத் தாண்டவில்லை

கண்டி,
1935 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

சௌபாக்கியவதி பாலாம்பிகைக்கு, உன் கணவன் கணபதி ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் முருகன் கிருபையால் வீடும் பூனையும் சுகம். தெல்தோட்டையில் நீயும் உன் தம்பி குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தை விசாரிக்க உனக்கு இப்போது மனம் வராது. ஆனாலும் கோபத்தோடாவது இதைக் கடைசிவரை படி.

நேற்று மாலை வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. அடுத்த கடை மஹ்மூத் நானா சாவியை நீட்டி, "ஊட்டம்மா தெல்தோட்டைக்குப் போயிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் பல்லைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. உன் அப்பா சாராயம் குடித்து உங்களைப் படுத்திய பாடு நான் அறியாததல்ல. கல்யாணத்துக்கு மறுநாள் கதிரேசன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, இந்த வாயால் குடிக்கமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்தவன் நான். நீ தெருவில் கேள்விப்பட்டது எதுவாக இருந்தாலும், நடந்தது இதுதான்.

நேற்று நான் கந்தோருக்குப் போனபோது துரை மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கம்பனியில் தேயிலை ருசி பார்ப்பது அவர் வேலை. கிண்ணம் வைப்பதும், அவர் சொல்வதை எழுதுவதும், அவருக்கு முடியாத நாளில் நாக்கைக் கொடுப்பதும் என் வேலை என்பது உனக்குத் தெரியும். "கணபதி, நம்ம மூக்கு செத்துப் போச்சு. ஒன் மூக்கு உசிரோட இருக்கா?" என்றார். இருக்குதுங்க என்றேன். அதுதான் நான் செய்த முதல் பிழை. மேசையில் தேயிலைப் பெட்டி இல்லை, போத்தல்கள் நின்றன. கொழும்பிலிருந்து ஒரு வைன் வியாபாரி, வெள்ளைக் கோட்டு, மெழுகு தடவிய மீசை. பிரான்சு தேசத்தில் பர்கண்டி என்ற இடத்து வைனாம், போன வருஷத்துத் திராட்சையாம், சிவப்பும் வெள்ளையும். கிளப்புக்கு எதை வாங்குவது என்று துரை சொல்லவேண்டும், துரைக்கோ ஜலதோஷம். "துரை, நான் சத்தியம் பண்ணினவனுங்க" என்றேன். அவர் யோசித்தார். "குடிக்கமாட்டேன்னு தானே சத்தியம்? இத்தன வருஷமா தேத்தண்ணிய நீ குடிச்சியா, துப்பினியா?" என்றார். துப்பினேன் என்பதுதான் உண்மை. அந்த அறையில் ஒருவரும் விழுங்குவதில்லை. விழுங்கினால் பத்தாவது கிண்ணத்தில் நாக்கு மரத்துப்போகும். பாலாம்பிகை, அந்த நேரத்தில் துரை சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது, உனக்குப் படாது.

வியாபாரி கண்ணாடிக் குவளைகளை எடுத்தார். நான் விடவில்லை. வழக்கப்படி வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, துப்புகிற பெரிய செப்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அந்த ஊரில் சிவப்பை முதலில் பார்ப்பார்களாம், வெள்ளை பிறகாம். சரி என்று கரண்டியில் எடுத்து, தேயிலைக்கு இழுக்கிற மாதிரியே ஒரு இழுப்பு இழுத்தேன். அந்தச் சத்தத்துக்கு வியாபாரி இரண்டடி பின்னால் போனார். முதல் சிவப்பு நல்ல வெளிச்சமான நிறம், கிண்ணத்தின் அடி தெரிகிறது, வாயில் நாவற்பழம். அடுத்ததில் விளிம்பிக்காய்ப் புளிப்பு. இரண்டையும் துப்பினேன். மூன்றாவது கிண்ணத்தில்தான் கை தன் பழக்கத்தைக் காட்டியது. நிறம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கத் தேயிலைக்குப் பால் விடுவோம் அல்லவா? விட்டுவிட்டேன். பால் உடனே திரிந்து, ஊதாவும் வெள்ளையுமாகக் கட்டி கட்டியாக மிதந்தது. நான் வழக்கம்போல், "பால் ஏற்கவில்லை" என்று எழுதினேன். வியாபாரி கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். துரைக்குச் சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்து, அவருக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று.

கடைசிச் சிவப்பு மகா முரடு. துவர்ப்பு பல்லைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி. "இது தேறாதுங்க, கொட்டிடலாம்" என்றேன். வியாபாரி எழுந்துவிட்டார். இருப்பதிலேயே சிறந்தது அதுதானாம். இளம் வைனை இன்றைய ருசியைக் கொண்டு தீர்க்கக்கூடாதாம், இந்தத் துவர்ப்பும் புளிப்பும் பத்து வருஷம் கழித்து என்னவாகும் என்று கணிக்கவேண்டுமாம். பத்து வருஷத்தில் தேயிலை வைக்கோலாகிவிடும் என்றேன். ஆனால் எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. நம் கல்யாணம் ஆன புதிதில் நீயும் ஒரு வார்த்தை பேசினால் பல்லைப் பிடிக்கும். இப்போது எவ்வளவு... இதை நான் நல்ல அர்த்தத்தில்தான் எழுதுகிறேன். உன் தம்பி பெண்சாதியிடம் இந்த இடத்தைப் படித்துக் காட்டாதே.

பிறகு வெள்ளை. முதலாவது வெறும் எலுமிச்சைத் தோல். இரண்டாவதை வாயில் எடுத்தேன், பாலாம்பிகை, உருக்கின நெய், வறுத்த கச்சான் கடலை, மழை பட்ட கல்லின் வாசம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்குத் தேயிலையில் சொல் இல்லை. வாயில் வைத்துக்கொண்டே சொல் தேடினேன். அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டுகிற மூக்காயி கதவைத் திறந்தாள். செப்புச் சட்டி நிறையச் சிவப்பு, என் கோட்டில் சிவப்பு, உதட்டில் சிவப்பு. "ஐயோ, எங்க ஐயா ரத்தம் ரத்தமா கக்குறாருங்கோ!" என்று அவள் போட்ட கூச்சலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

கந்தோரும் நம் தெருவில்தானே, மஹ்மூத் நானாதான் முதலில் வந்தார். "யா அல்லாஹ்! ஐயா, பேசாதீங்க, மூச்சப் புடிச்சிக்கோங்க, ரிக்‌ஷா நிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று தோளைப் பிடித்தவர், முகத்துக்குக் கிட்ட வந்ததும் மெல்லக் கையை எடுத்தார். "இது ஆஸ்பத்திரிக் கேஸ் இல்ல. இது வேற கேஸ்" என்று சால்வையால் மூக்கை மூடிக்கொண்டார். ஆகவே தெருவில் பாதிப் பேர் எனக்குக் காசநோய் என்கிறார்கள், மீதிப் பேர் குடி என்கிறார்கள். காசநோய் என்று கேட்டிருந்தால் நீ என்னைத் தேடி ஓடி வந்திருப்பாய். தெல்தோட்டைக்குப் போனதால் நீ எதைக் கேட்டாய் என்று தெரிகிறது. எனக்கு வருத்தமில்லை, ஆனால் நேற்று இரவு நானே வைத்த ரசத்தைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதுவும் என்னைப்போல் விழுங்காத ஜாதி போலும்.

கற்பூரத்தின் மேல் ஆணையாக, ஒரு சொட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. கோபம் ஆறியதும் பஸ் ஏறி வா. நீ வராவிட்டால் அடுத்த ஞாயிறு நானே அங்கு வந்து உன் தம்பி முன்னிலையில் வாயைத் திறந்து காட்டுவேன். உன் தம்பியின் குழந்தைகளுக்கு என் முத்தம். உனக்கு, நூறு வருஷம் மஞ்சளும் குங்குமமுமாய் இருக்க என் ஆசி. அதற்கு நானும் இருக்கவேண்டும் என்பதை யோசித்துப் பார்.

இப்படிக்கு,
உன் கணவன்,
கணபதி

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டு மஹ்மூத் நானா வீட்டுக்குப் போனேன். அவர் பெண்சாதி ருக்கியா கட்டுகஸ்தோட்டையிலிருந்து இன்றுதான் வந்தாளாம். "என்ன ஐயா, மொகம் வாடிக் கெடக்கு? பாலாம்பிகக்கா தம்பிட புள்ளக்கிப் பேர் வைக்கத் தானே போனா? ஒங்கள்ட்ட சொன்னேன், தலைய ஆட்டினாருன்டு வெள்ளிக்கிழம நான் ஊருக்குப் பொறப்படக்குள்ள எனக்கிட்ட சொன்னாவே! சனிக்கெழம நீங்க கந்தோருக்குப் போன கையோட, பத்து மணி பஸ்ஸுல போயிருப்பா" என்றாள். மூக்காயி கத்தியது மத்தியானம். ஆகவே உனக்கு ஒன்றுமே தெரியாது. இதைக் கிழித்து அடுப்பில் போடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அந்தக் கறைபட்ட கோட்டு அலுமாரியில் தொங்குகிறது, உன் மூக்குக்கு முன்னால் துரையின் மூக்கு எம்மாத்திரம்? அதனால் அனுப்புகிறேன். பிள்ளைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று எழுது. இன்னொன்று. இப்போது நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன்: மூக்காயி கத்தும்போது அந்த இரண்டாவது வெள்ளை என் வாயில் இருந்தது. கத்தி முடித்தபோது இல்லை. சட்டியிலும் நான் துப்பவில்லை.