ஆகாயத்தில் சொன்ன 'இருக்கட்டுங்க'

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், காபி குடிக்கிறீங்களா என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிட மாட்டோம். 'இருக்கட்டுங்க' என்போம். மறுபடி கேட்பார்கள். மறுபடியும் 'இருக்கட்டுங்க'. மூன்றாம் தடவை 'அட, குடிங்க' என்று டம்ளரைக் கையில் திணித்த பிறகுதான், அவர்கள் மனம் நோகக் கூடாதே என்பதற்காகக் குடிப்பதுபோலக் குடிப்போம். (தொண்டை வறண்டு கிடக்கும், அது வேறு விஷயம்.) முதல் தடவையே கையை நீட்டுகிறவனைப் பற்றி, அவன் போன பிறகு பேசுவார்கள். இந்த மரியாதை தரையில் மட்டுமே செல்லுபடியாகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் அக்கா சரசுவின் வீட்டுக்காரர் திருப்பூரில் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். நான் அவரிடம்தான் துணி வெட்டும் மேசையில் நின்றேன். சரக்கு விஷயமாகப் பம்பாய் போன மச்சானுக்கு அங்கே வயிற்றுப் புண் வெடித்து, ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்த கடைக்காரர் டிரங்கால் போட்டார். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், ரத்தம் வேண்டும், அவருடைய வகை லேசில் கிடைக்காது. முந்தின வருஷம் இதே வயிற்றுக்காகக் கோயமுத்தூரில் படுத்திருந்தபோது குடும்பத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில், என் ரத்தம் மட்டும்தான் அவருக்குச் சேர்ந்தது. ரயிலில் போய்ச் சேரும்வரை அவர் தாங்க மாட்டார் என்று, என்னைக் கோயமுத்தூர் பீளமேட்டிலிருந்து விமானத்தில் அனுப்ப முடிவாயிற்று.

அக்கா அழவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, நீ நோவு நொடி இல்லாமப் போய்ச் சேரோணும். இப்ப உன்ர ஒடம்பு உன்ரது இல்ல, அவரோடது."

அந்தப் பேச்சு எனக்குள் கல்லாக இறங்கியது. உடம்பை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்க, நூல் வியாபாரி காதர் பாயிடம் ஓடினேன். கொழும்புக்கு ஒரு தடவை பறந்து போய் வந்தவர் என்பதால் எங்கள் தெருவுக்கு ஆகாய சமாச்சாரம் எல்லாவற்றுக்கும் அவர்தான்.

"தம்பி, மேல ஏறறப்பவும் கீழ எறங்கறப்பவும் காது அடைக்குமுங்க. தட்டுல மிட்டாய் கொண்டாருவாங்க. வாயில போட்டுச் சப்பி, எச்சியை முழுங்கீட்டே இருங்க. தண்ணி நெறையக் குடிங்க, உள்ள காத்து வறண்டு கெடக்கும். வெறும் வயித்தோட மட்டும் இருந்துராதீங்க."

"குளிருங்களா?"

"குளிருமுங்க."

குளிருக்கு நாங்கள் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? எங்கள் கம்பெனிச் சரக்கிலேயே நாலு பனியனை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் சட்டையை மாட்டினேன். பொத்தான் சேரவில்லை. அக்கா ஊக்கு குத்திவிட்டாள்.

விமானம் உறுமத் தொடங்கியதும், காதர் பாய் சொன்னபடியே ஒரு பெண் தட்டு நிறைய மிட்டாயும், காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். 'இருக்கட்டுங்க' என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'நோ, தேங்க்யூ' மட்டும்தான். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் சிரித்தாள். போயே போய்விட்டாள்.

திரும்பி வந்து மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தேன். அதற்குள் இரண்டு காதிலும் ஆணி அடித்ததுபோல ஆகிவிட்டது. பிறகு தண்ணீர் வந்தது. பழக்கம் எங்கே போகும்? நோ, தேங்க்யூ. பிறகு ரொட்டியும் முட்டையும் வாசனையாக வந்தன. இந்தத் தடவை நிச்சயம் வற்புறுத்துவாள் என்று நம்பி, கொஞ்சம் பலவீனமான குரலில்தான் மறுத்தேன். அதையும் நம்பிவிட்டாள். குமட்டிக்கொண்டு வந்தது. முன்சீட்டு முதுகில் அதற்கென்றே ஒரு காகிதப் பை இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லாததால் அதையும் தொடவில்லை. விழுங்கிக்கொண்டேன்.

பம்பாயில் இறங்கியபோது வெயில் கொளுத்திற்று. உள்ளே நாலு பனியனும் நனைந்து கனத்தன. அழைத்துப் போக வந்த கடைக்காரர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. ஆஸ்பத்திரிப் படி ஏறியது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது மச்சானுக்கு வைத்திருந்த டாக்டர் எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் குழாய் வைக்க ஒரு பனியனைத் தூக்கினார். அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. நாலாவதைக் கண்டதும், விற்க வந்தவனா என்று கடைக்காரரிடம் கேட்டாராம்.

அப்புறம் அவர் சிரிக்கவில்லை. உடம்பில் நீரே இல்லை, ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கிறது, இவனிடம் இன்று ரத்தம் எடுக்க முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மச்சானுக்கு நாளை என்று ஒன்று இருக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

குளுக்கோஸ் கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள். கேட்பதற்கு முன்பே வாங்கி வாங்கிக் குடித்தேன். அடுத்த அறையில் மச்சான் வெளுத்துக் கிடக்க, ஒரு மிட்டாய் எடுத்துப் போட்டுக்கொள்ளத் துப்பில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறோமே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்?

மறுநாள் காலை மச்சான் இருந்தார். என்னிடம் ரத்தம் எடுத்து, பாட்டிலை அவர் தலைமாட்டில் தொங்கவிட்டார்கள். என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் குனிந்து, ரத்தம் ஏற்றப் போகிறோம், சம்மதமா என்று இந்தியில் கேட்டார். மச்சானுக்குக் கடைவீதி இந்தி நன்றாக வரும். கண்ணைப் பாதி திறந்து, அந்த நிலைமையிலும் முகத்தில் ஒரு பணிவோடு, "ரஹனே தோ ஜி" என்றார்.

என் காது அடைத்துத்தான் இருந்தது. ஆனால் அந்த உதட்டசைவையும் அந்தப் பணிவையும் எனக்குத் தெரியாதா? அது நம் 'இருக்கட்டுங்க'! டாக்டர் முகம் மாறி நிமிர்ந்தார். நர்சின் கை நின்றுவிட்டது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன்.

"டாக்டர்! டோன்ட் கோ! ஆஸ்க் அகெய்ன்! ஆஸ்க் த்ரீ டைம்ஸ்!"

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, அந்த நல்ல மனுஷன் மறுபடி கேட்டார். மச்சான் மறுபடியும் ரஹனே தோ ஜி. மூன்றாம் தடவை கேட்டார். மச்சான் பெருமூச்சு விட்டு, என் பக்கம் தலையைத் திருப்பித் தமிழில் சொன்னார்: "இத்தன தூரம் சொல்றாங்க... அப்புறம் அவங்க மனசு நோகக் கூடாதில்ல மாப்ள. ஏத்தச் சொல்லு."

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் மச்சான் நன்றாக இருந்தார். இன்றைக்கும் அக்கா வீட்டில் யாராவது வந்து 'இருக்கட்டுங்க' என்றால், அடுப்படியிலிருந்து "டாக்டரு, இன்னொருக்காக் கேளுங்க!" என்று குரல் வரும். பேரப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

நானோ அன்றிலிருந்து முதல் தடவையே கையை நீட்டுகிறவனாகிவிட்டேன். பின்னால் பேசுகிறார்கள், தெரியும். வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மச்சானும் அப்படியே ஆகிவிட்டார். சம்பந்தி வீட்டில், காபி என்ற சொல் முடிவதற்குள் கையை நீட்டுவார். அக்கா முறைத்தால் என்னைக் காட்டுவார்.

"என்னைய ஏன் மொறைக்கற? உள்ள ஓடறது உன்ர தம்பி ரத்தம். அது ஒருக்காப் பட்டுட்டு வந்த ரத்தமாக்கும்."